பின்கதவுக் கண்ணாடி

செருப்பைக் கழற்றி அடித்த அந்தக் கை, இப்போது கார்க் கண்ணாடி மாற்றும் கண்ணாடிக்காரரின் மேசைமேல் சாவியை வைத்தது.

கைக்கும் வயசாகிவிட்டது. பழைய முதலாளிக்கு, எதிரில் நின்ற கண்ணாடிக்காரரை அடையாளம் தெரியவில்லை. தாடியும் மூக்குக்கண்ணாடியும் பத்தொன்பது வருஷமும் சேர்ந்தால் பெற்ற தாய்க்கே தெரியாது.

"பின்னால இடது கதவுக் கண்ணாடி மூலையில விரிசல் விட்டுருச்சுப்பா. புதுசு மாத்தணும். பாதிக்கு மேல இறங்கவும் மாட்டேங்குது. நாளைக்குப் பழைய கார் ஊர்வலம். இந்த மாடலுக்கு உன்னை விட்டா ஆளில்லைன்னு இவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க."

'இவங்க' என்றது கார் சங்கத்து நண்பர்கள் மூன்று பேரை. மடிப்புக் கலையாத சட்டையோடு, எதிலும் சாய்ந்துவிடாமல் ஜாக்கிரதையாக நின்றார்கள்.

"எத்தனை நாளா இறங்கல?"

"அது கிடக்கு பல வருஷமா. பின் சீட்டுதானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

கண்ணாடிக்காரர் திரும்பி, மூலையில் சீட்டு உறை தைத்துக்கொண்டிருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்தார். தையல் மெஷின் நின்றது. யார் வந்திருப்பது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த முதலாளி வீட்டில் கண்ணாடிக்காரர் இதே காருக்கு டிரைவராக இருந்தார். கழுவுவது, துடைப்பது, சில்லறை ரிப்பேர் எல்லாம் அவர்தான். ஒரு நாள் முதலாளியம்மாவின் கல் வைத்த பிரேஸ்லெட்டைக் காணோம். வாசலில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதனை போட்டார்கள். தெருவே வேடிக்கை பார்க்கச் செருப்படி. பிரேஸ்லெட் கிடைக்கவில்லை. திருடன் என்ற பட்டம் மட்டும் கிடைத்தது.

அந்தப் பட்டத்தோடு சேர்த்துத்தான் அவரை மனைவி கட்டிக்கொண்டாள். திருடனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று, அப்பா செத்தபோதுகூட அண்ணன்கள் அவளை வாசற்படி ஏற விடவில்லை.

கண்ணாடிக்காரர் வேலையைத் தொடங்கினார். சுற்றும் கைப்பிடியின் ஆணியைத் தட்டி எடுத்தார். கதவின் உள் அட்டையை நெம்பினார். கிளிப்புகள் பட் பட்டென்று விட்டன. கண்ணாடியைத் தாங்கும் அடித்தகட்டைக் கழற்றி, கண்ணாடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெல்ல மேலே உருவினார். பத்தொன்பது வருஷம் பொறுத்தவருக்குப் பத்து நிமிஷம் பெரிதில்லை.

உருவிய கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உள்ள என்னமோ சிக்கியிருக்கு. கீழ, முன் மூலையில. கையை விட்டுப் பாருங்க."

"நானா? நீயே எடுப்பா."

"நான் எடுத்தா, நானே வச்சேன்னு சொல்லுவீங்க."

"அப்படி ஏன்யா சொல்லப்போறேன்?"

"சொல்ற ஆளுதானே நீங்க." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

முதலாளியின் முகம் பேயறைந்தது போலாயிற்று. நண்பர்கள் முன்னால் பின்வாங்கவும் முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவுக்குள் கையை விட்டார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் சக்கரப் பல்லில் மாட்டியிருந்த எதையோ பிடித்து இழுத்தார்.

கிரீஸ் அப்பிய பிரேஸ்லெட் வந்தது. கைக்குட்டையால் ஒரு துடை துடைத்ததும் கல் பளிச்சென்றது.

"என் சம்சாரம் எப்பவும் கண்ணாடியை இறக்கி, கையை வெளிய போட்டுக்கிட்டேதான் வருவா..." முதலாளி பிரேஸ்லெட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "கொக்கி கழண்டு உள்ள விழுந்திருக்கு. அய்யோ, உன்னைப் போய்..."

"தெருவுல நிக்க வச்சு அடிச்சீங்க. இப்ப இங்க நின்னு சொல்லுங்க. என்கிட்ட வேணாம், என் பொண்டாட்டிகிட்ட."

பக்கத்துப் பட்டறை ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். முதலாளி கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா," என்றார் கண்ணாடிக்காரர்.

"உன் புருஷன் திருடன் இல்லம்மா! நான்தான் பாவி!"

கேட்கக் கேட்கக் கண்ணாடிக்காரருக்கு இனித்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

முதலாளி பிரேஸ்லெட்டை அவளிடம் நீட்டினார். "இதை நீயே வச்சுக்கம்மா."

"அடுத்தவங்க பொருள் எங்களுக்கு எதுக்கு?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தி.

புதுக் கண்ணாடியின் அடியில் ரப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவித் தகட்டில் உட்கார வைத்தார். அட்டையை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது. முதலாளி குனிந்த தலை நிமிராமல் வண்டியில் ஏறிப் போனார். நண்பர்கள் மூவரும் அவரோடு ஏறாமல் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

மனைவி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். "நாளைக்கே அண்ணன் வீட்டுக்குப் போறேன். நடு வீட்டுல நின்னு கேக்கப்போறேன், என் புருஷனையா திருடன்னீங்கன்னு!"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவளுக்கு என்னவோ நினைவு வந்தது.

"ஆமா, நீங்க உள்ள எட்டிக்கூடப் பாக்கலையே. முன் மூலைன்னு எப்படிங்க அவ்வளவு சரியா சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"அன்னிக்கு வச்சவனுக்குத் தெரியாதா?"