கதவில் ஏழு, பத்திரத்தில் எட்டு

லோகநாயகியின் ஃபிளாட் கதவில் ஏழு என்றிருந்தது, பத்திரத்தில் எட்டு. எதிர்வீட்டுப் பாலுசாமிக்கு நேர்மாறு. பிழைத்திருத்தல் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட்டால்தான் அவள் ஃபிளாட்டை விற்க முடியும். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு இது நான்காவது நடை.

"இன்னைக்காச்சும் போடுவீங்களா?"

"கண்ணாடியக் காணோம் அம்மணி. அடுத்த வாரம் வா. இரு, காப்பி குடிச்சுப்போட்டுப் போ."

அவர் சமையலறைக்குப் போனதும், தான் கொடுத்திருந்த பிழைத்திருத்தல் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவர் கையெழுத்து இருந்தது. கீழே, அவள் முதன்முதலாக வந்த நாளின் தேதி.

"அன்னைக்கே போட்டுட்டு எதுக்கு என்னை அலைய உட்டீங்க?"

டம்ளரோடு வந்த பாலுசாமி அதை அவள் முன்னால் வைத்தார்.

"குடுத்துட்டா நீ வரமாட்டியே. எதிரெதிரா இருக்கலாம்னு சேர்ந்து வாங்குனோம். சண்டை போட்டுட்டுப் போனவ, ஒம்பது வருசங்கழிச்சு இப்பத்தான அண்ணன் ஊட்டுக்கு வாரே?"

லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்திரம் இங்கயே இருக்கட்டுங்கண்ணா. அடுத்த வாரம் பசங்களோட வாரேன்."