பாக்கியமேரியின் ஸ்கேன்

"வெளியில இருக்கிற வீட்டுக்காரரையும் உள்ள கூப்பிடுங்கம்மா" என்று டாக்டர் சொன்னதும் பாக்கியமேரி போய்க் கணவரைக் கூட்டிவந்தாள்.

சிரித்தாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்துவிடுவது நம்மில் பல பெண்களுக்கு உள்ள தொல்லைதான். அதற்கான புது மருந்தை விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சிக்காகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள். மருந்து தருவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தார்கள்.

"மூத்திரப்பையில ஒண்ணுமில்ல. ஆனா இரைப்பைச் சுவர் தடிச்சிருக்கு. ஈரல்லயும் கட்டி தெரியுது. புற்றுநோயா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

கணவர் தொம்மை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சமீபத்துல பசி கொறைஞ்சிருக்காம்மா?"

"ரெண்டு வாய்க்கு மேல எறங்கறதில்ல சார். துன்னதும் வாந்தி" என்றாள் பாக்கியமேரி மெதுவாக.

தொம்மை திகைத்துத் திரும்பினார். "இன்னா மேரி சொல்ற? நேத்துகூட கறிக்கொழம்பு ரெண்டு தரம் ஊத்திக்கினியே!"

அவளுக்குக் கண்ணீர் நிற்காமல் வழிந்தது. தொம்மையை டாக்டரிடமே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பெஞ்சில் காத்திருந்த அவள் கொழுந்தன் பெண்டாட்டி ரீத்தம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏங்க்கா அழுவுற? ஸ்கேனுக்குத் தண்ணி குடிச்சிட்டு உன்னால அடக்க முடியலன்னுதானே உன் பேருல நான் போய்ப் படுத்தேன்! அது டாக்டருக்குத் தெரிஞ்சிபோச்சா?"