தற்பெருமை

மதுரைப் புத்தகக் கண்காட்சியில், எழுத்தாளர்களே தங்கள் நூல்களை விற்கும் வரிசை. முதல் மேசையில் இருந்த பெண், ஒரு நாவலை நீட்டி, வந்தவரை விடவில்லை.

"படிச்சு முடிக்கிற வரைக்கும் சோறு இறங்காதுண்ணே! மகளுக்கா?"

"எனக்குத்தான்மா. பள்ளிக்கூடத்துப் புள்ளைக கதைன்னா உசுரு," என்ற சூரியபிரகாஷ், நரைத்த மீசைக்குள் சிரித்தார். "ஆனா தன் புத்தகத்தையே இம்புட்டுப் புகழ்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். சரி, கையெழுத்துப் போடுங்க."

"ஐயோ, எழுதுனது பவதாரிணி! சொந்தப் புத்தகத்தைப் புகழ ரெண்டு பேருக்குமே கூச்சம்ணே. அதான் இடம் மாறி உக்காந்துட்டோம். அவ அந்தா, எதிர் மேசையில."

புத்தகத்தோடு அங்கே போனார். பவதாரிணி கையெழுத்திட்ட கையோடு இன்னொரு நாவலை நீட்டினாள்.

"இது அந்தா உக்காந்திருக்காளே, முனீஸ்வரி, அவ எழுதுனதுண்ணே. முடிக்கிற வரைக்கும் சோறு இறங்காது! கையெழுத்து வேணும்னா மட்டும் திரும்ப அங்க போகணும்."