அறையின் மௌனம்

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு உள்ளே அவள் பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றை வாசிக்கிறாள். கடவுளின் முகத்தைக் காணாமல் தாகத்தில் தவிப்பவனின் பாட்டு அது. மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சம், அவள் தொடாத தண்ணீர் டம்ளருக்குள் இறங்கி மிதக்கிறது. "அக்கா, நாக்கு ஒட்டுற சத்தம் விழுது. ஒரு வாய் தண்ணி குடிங்களேன்," என்கிறான் வெளியே ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளன். "தாகத்தைப் பத்தித்தானேப்பா படிக்கிறேன்? இருந்துட்டுப் போகட்டும்." அவன் சிரிக்கிறான். மனைவியை அடக்கம் செய்த அன்றோடு ஜெபத்தை விட்டவன் அவன். இங்கே அவனுக்கு வேலை மட்டும்தான். கடைசி வரியில் அவள் குரல் கேள்வியாக ஏறி, இறங்காமலே நின்றுவிடுகிறது. இனி வழக்கம்போல வெறும் அறையின் மௌனத்தைப் பதிய வேண்டும். வரிகளுக்கு நடுவே ஒட்டுப்போட அது தேவைப்படும். "அசையாம இருங்கக்கா." அவள் கண்களை மூடிக்கொள்கிறாள். தாள் அடங்குகிறது. தண்ணீரின் மேல் வெளிச்சமும் அடங்குகிறது. ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. ஆனால் பதில் சொல்ல வந்த யாரோ, பேசுமுன் மூச்சை இழுப்பதைப் போல ஓர் அமைதி. தேவையான அளவு எப்போதோ பதிவாகிவிட்டது. அவள் கண் திறந்து, "போதுமாப்பா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்கிறாள். அவன் ஹெட்போனை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு, இல்லை என்று தலையாட்டுகிறான்.