நாற்பத்தொரு வெறும் வட்டங்கள்

“செல்லாது” என்று சொல்லி, நாற்பத்தொன்றாவது வாக்குச்சீட்டையும் ஒதுக்கி வைத்தாள் பெர்னடீன்.

“இதுவுமா?” என்றாள் மார்வா.

“பேரை எழுதினா மட்டும் போதாது. பக்கத்துல இருக்கிற வட்டத்தையும் கறுப்பாக்கணும். சட்டம்.”

தேர்தலுக்கு மறுநாள் காலை. அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில், பால் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரின் மன்றம். கையால் பெயர் எழுதப்பட்ட சீட்டுகளை இயந்திரம் ஒதுக்கிவிடும். அவற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல, யானைச் சின்னத்துக் கட்சியிலிருந்து ஒருவர், கழுதைச் சின்னத்துக் கட்சியிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். முப்பது ஆண்டுகளாக அந்த மேசையில் யானைக்குப் பெர்னடீன், கழுதைக்கு மார்வா. இருவரும் இதுவரை ஒத்துப்போனது, காபி ஆறிவிட்டது என்ற ஒன்றில் மட்டும்தான்.

சீட்டின் கடைசி வரி, கல்லறைத் தோட்டத்து நிர்வாகி பதவிக்கு உரியது. சம்பளம் கிடையாது, ஆகவே போட்டியும் கிடையாது. வாக்காளரே தமக்குப் பிடித்த பெயரை எழுதிக்கொள்ளலாம். நாற்பத்தொரு பேர் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள்: யூசேபியோ தாராங்கோ. வெளிநாட்டிலிருந்து வந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஊர் மாடுகளைக் கறப்பவன். நிலம் உறைந்து கிடக்கும் மாதங்களில், ஊரார் பிணங்களுக்குக் குழி வெட்டுபவனும் அவனே.

ஒரு சீட்டின் ஓரத்தில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்: ‘குடியேற்றச் சட்டத்தை இருபது வருடமாக உருட்டியது போதும். உங்கள் இரண்டு கட்சியையும்விட இவன் மேல்.’

“சரி, நாய்க்கு விழுந்த ரெண்டு?” என்று கேட்டாள் மார்வா. ‘பிஸ்கட்’ என்ற தீவனக் கடை நாய்க்கு இரண்டு பேர் விளையாட்டாக வாக்களித்திருந்தார்கள்.

பெர்னடீன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். “வட்டம் கறுப்பா இருக்கு. செல்லும்.”

“அடிப்பாவி! நாய் செல்லும், மனுஷன் செல்லமாட்டானா? வாக்காளர் மனசு தெளிவாத் தெரிஞ்சா, நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எண்ணலாம்னு அதே சட்டத்துலதான் இருக்கு.”

“நான் ஒத்துக்கல.”

“நீ எப்படி ஒத்துக்குவே? இவங்களையெல்லாம் மூட்டை கட்டி அனுப்புவேன்னு மேடைக்கு மேடை முழங்குற ஆளோட கட்சிதானே நீ!”

இந்தச் சண்டையை எத்தனையாவது முறை போடுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பவள் போல, ஆறிய காபியை ஒரு வாய் குடித்தாள் பெர்னடீன்.

மார்வா தொலைபேசியை எடுத்தாள். “யூசேபியோ! நீ ஜெயிச்சுட்டே. இந்த மகராசிதான் தரமாட்டேங்கிறா. உடனே வந்து உன் உரிமையைக் கேளு!”

பத்தே நிமிடத்தில், சாணி அப்பிய ரப்பர் பூட்ஸுடன் யூசேபியோ ஓடி வந்தான். ஜெயித்தவனின் முகமாக அது இல்லை.

“அம்மா, ஜெயிச்சவங்க பேரையும் விலாசத்தையும் வாசக்கதவுல ஒட்டுவீங்களா?”

“பின்னே? இணையத்துலயும் போடுவோம். ஊரே பார்க்கட்டும்!” என்றாள் மார்வா.

“ஊர் பார்த்தா பரவாயில்லம்மா. குடியேற்ற அதிகாரிங்க பார்த்து என்னைப் பிடிச்சுட்டாங்கன்னா? என் ரெண்டு பொண்ணுங்களும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் காலி வீட்டுக்குத்தான் வருவாங்க. இந்த நாட்டுல தங்குறதுக்கு என்கிட்ட காகிதம் எதுவும் கிடையாது.”

“அதெப்படி? நீதான் எங்க கட்சி கொண்டு வந்த குடியேற்ற மசோதாவுல காகிதம் வாங்கியிருப்பியே! அதுக்காக வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்டவ நான்!”

“அது நிறைவேறலையேம்மா.”

“எந்தத் தடவை?”

“எந்தத் தடவையும்தாம்மா.”

மார்வா, அதுவரை தொடாத பேனாவை எடுத்து, ‘எண்ணத் தகாதவை: 41’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கீழே பெர்னடீன் கையெழுத்திட்டாள். யூசேபியோவுக்காக இரண்டு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான்: அப்படி ஒருவன் இல்லை.

“ரொம்ப நன்றிம்மா” என்றான் அவன், இரண்டு பேருக்கும் பொதுவாக. கறவை பாதியில் நிற்கிறதென்று ஓடினான்.

வாசற்கதவில் நாயின் பெயர் ஏறியது.

“நாற்பத்தொரு பேருமா வட்டத்தை மறந்தாங்க?” என்று மார்வா மெல்லக் கேட்டாள்.

“ஒருத்தரும் மறக்கல.” பெர்னடீன் மேலங்கியை மாட்டிக்கொண்டாள். “ரெண்டு கட்சி மேலயும் இருக்கிற வெறுப்புல, அவன் பேரை எழுதப்போறோம்னு போன மாசமே சர்ச்சுல பேசிக்கிட்டாங்க. பேரு கதவுல ஏறினா அவனுக்கு ஆபத்து, வேண்டாம்னா கேட்கிற ஆளுங்களா? அதான், பேரை எழுதிக்குங்க, வட்டத்தை மட்டும் தொடாதீங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொன்னேன். இதுல ஒரு சீட்டு என்னோடது.”

மார்வா தலையைக் குனிந்துகொண்டாள். “உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே.”

ஏதோ உறுத்தியவள் போல நிமிர்ந்தாள். “அதே சீட்டுல மேல் வரி ஒண்ணு இருக்கே பெர்னடீன். மூட்டை கட்டி அனுப்புவேங்கிற ஆள் நின்ன வரி. அங்கே?”

கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டபடி பெர்னடீன் சொன்னாள்:

“முப்பது வருஷப் பழக்கம்டி. அங்கே வட்டத்தை நல்லாவே கறுப்பாக்கினேன்.”