நொதிக்கு வந்த மவுசு

ஆஸ்திரேலியக் காட்டு ஜாரா மரங்களின் வேரை அழுக வைக்கும் கிருமியிலிருந்து, அதன் செல்சுவரைக் கட்டும் நொதியை மட்டும் பிரித்தெடுக்க, பெர்த் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் மெரின். சூடு பட்டால் நொதி கெட்டுவிடும். அதனால் காலையிலிருந்தே ஸ்வெட்டரும் குளிரறையுமாகக் கிடப்பாள். ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆய்வை மூடிவிடலாமா என்று முடிவு செய்ய நாளை நிதிக்குழு வேறு வருகிறது.

அன்று மதியம் இயக்குநர் டெஸ்மண்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குளிரறைக்குள் வந்தார்.

"நொதியை எப்படிப் பிரிக்கிறேன்னு சொல்லும்மா. நிதானமா சொல்லு."

பின்னாலேயே கணக்குப் பிரிவு லொரெய்ன் வந்தாள். "எனக்கும் முதல்லேருந்து சொல்லு."

சற்று நேரத்தில் நிற்க இடமில்லை. மெரின் சொல்லி முடித்ததும் டெஸ்மண்ட், "இன்னொரு தடவை சொல்லேன்" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவு திறந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்த எலக்ட்ரீஷியன் ட்ரெவர் நின்றான்.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? ஆபீஸ் ஏசி சரியாயிடுச்சு. இந்த நாப்பத்திமூணு டிகிரில உயிரே போயிடுச்சு எனக்கு."

அரை நிமிடத்தில் அறை காலி.

மெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஓரமாக அழைத்தாள்.

"ட்ரெவர், நாளைக்குப் பத்து மணிக்கு நிதிக்குழு வருது. அதுக்குள்ள அந்த ஏசி இன்னொரு தடவை ரிப்பேர் ஆகுமா?"