சிவப்பு டேப் சுற்றிய முனை

"அப்பா, கணக்குப்படி அம்மா தோளுக்குத்தான் பாரம் அதிகம்," என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவே என்னைக் கிரேன் என்று கூப்பிடுகிறது. இவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்து முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை.

எங்களுடையது மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை. வேலை முடிந்த மோட்டாரை இரும்புக் குழாயில் சங்கிலி போட்டுத் தொங்கவிடுவோம். மனைவி முன்னால், நான் பின்னால். தோளில் சுமந்து வாசலில் நிற்கும் வண்டிவரை கொண்டுபோவோம்.

இணை விசைகள், திருப்புத்திறன் என்று ஏதோ பாடமாம். வீட்டிலிருந்தே ஓர் உதாரணத்தை அளந்து எழுதிவரச் சொன்னார்களாம். மகள் காலையிலேயே குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குழாயில் என் ரகசியம் ஒன்று இருக்கிறது.

மகள் வயிற்றில் இருந்தபோது, சங்கிலி வழுக்காமல் இருக்க அதில் அரத்தால் ஒரு பள்ளம் ராவினேன். நடுவில் அல்ல. என் பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் தள்ளி. சங்கிலி யாருக்குக் கிட்டே தொங்குகிறதோ அவருக்குத்தான் பாரம் கூட. இதைத் தெரிந்துகொள்ளப் பாலிடெக்னிக் போகவேண்டுமா என்ன?

முனை மாறிவிடாமல் இருக்க என் பக்கத்தில் சிவப்பு டேப் சுற்றினேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. பதினாறு வருடமாக அந்த முனை என்னுடையது.

மூன்று வருடம் முன்பு குடலிறக்க ஆபரேஷன் முடிந்து கடைக்குத் திரும்பினேன். மனைவி பழைய டேப்பைப் பிய்த்துவிட்டுப் புது டேப் சுற்றி வைத்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு தோளில் பாரமும் முன்புபோலத் தெரியவில்லை. கத்தி வைத்த பிறகுதான் உடம்பு முறுக்கேறியிருக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

"மோட்டார் எழுபத்திரண்டு கிலோ. அம்மாவுக்கு நாற்பது, உங்களுக்கு முப்பத்திரண்டு," என்றாள் மகள்.

"பக்கத்தை மாத்திப் போட்டிருப்ப."

"நீங்களே அளந்து பாருங்க."

அளந்தேன். சிவப்பு டேப்பிலிருந்து பள்ளம் வரை நூறு சென்டிமீட்டர். மறுமுனையிலிருந்து எண்பது.

மறுபடியும் அளந்தேன். இரும்பு எங்கேயாவது வளருமா?

மனைவியின் முனையில் தோளுக்காகச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். அடியில் பழைய பசை கறுத்துப்போய் வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துணுக்குச் சிவப்பு.

அவள் டேப்பைப் புதுப்பிக்கவில்லை. முனையையே மாற்றிவிட்டாள்.

என் திருட்டு அவளுக்கு எப்போதிலிருந்து தெரியுமோ! ஆபரேஷன் வரை பொறுத்திருந்து, ஒரு டேப் துண்டில் என்னைக் கவிழ்த்துவிட்டாள். மூன்று வருடமாக எட்டுக் கிலோ அதிகம் சுமந்துகொண்டே, நான் அடித்த தம்பட்டத்தையும் சிரிக்காமல் கேட்டிருக்கிறாள்.

எனக்கு ரோஷம் அதிகம். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெருமைதான் வந்தது.

துணியைப் பழையபடி சுற்றினேன். குழாயை அப்படியே திருப்பிப் போட்டேன். சிவப்பு டேப் இப்போது முன்னால், அவள் பக்கம். பள்ளத்தில் சங்கிலியை மாட்டினேன்.

கையிலிருந்த வார்னிஷைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். முன்னால் போய்க் குனிந்தவள், டேப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். மகள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"சரி, தூக்குங்க," என்றாள். அவ்வளவுதான்.

நாற்பது கிலோவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். மோட்டார் எழும்பியது. ஆனால் என் தோளுக்கு நாற்பது வந்துசேரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு டேப் சுற்றிய முன்முனை காற்றில் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தோள் அதில் இல்லை. சங்கிலியை நோக்கி ஒன்றரைச் சாண் உள்ளே நகர்ந்து நின்று தூக்கியிருந்தாள்.

மகள் நோட்டைப் புரட்டினாள். போதும், கணக்குப் போடாதே என்று தலையை ஆட்டினேன்.

வாசல் தாண்டும்போது எதிரே லேத் பட்டறைக்காரர் குரல் கொடுத்தார்: "என்ன கிரேன், காலையிலேயே கிளம்பியாச்சா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "கிரேன் முன்னால போகுது."